சாராயக் குத்தகையிலிருந்து கந்தக்காடு வரை: கொழும்பின் போதைத் தடுப்புக்கு அரச பணம் வந்த வழி

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து வைன் ஸ்டோர் ஒன்றில் அரைப் போத்தல் சாராயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். வரி கட்டிய சரக்கு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் கடைக்காரர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். போத்தலைப் பின்தொடர்வதில் அரசு காட்டும் இந்தக் கவனத்தை, குடித்தவரையும் அவர் குடும்பத்தையும் பின்தொடர்வதில் காண முடியாது.

போதைத் தடுப்புக்கு இலங்கை அரசு பணமே ஒதுக்கவில்லை என்பது சரியல்ல, ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு நிலையான ஊற்றும் இருந்ததில்லை, நிலையான வீடும் இருந்ததில்லை. விவகாரம் எந்த அமைச்சின் கைக்குப் போனதோ, அந்த அமைச்சின் குணமே சேவைக்கும் வந்து சேர்ந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவியை விளங்கிக்கொள்ள இந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது உதவும்.

வரி முதலில் வந்தது. ஒல்லாந்தர் காலத்து வழமையைப் பின்பற்றி, ஆங்கிலேயரும் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். அதிகம் கேட்டவருக்கு ஒரு பிரதேசத்தின் தவறணைகள் போயின. போட்ட பணத்தை எடுக்கக் குத்தகைக்காரர் விற்பனையைக் கூட்டியே ஆகவேண்டும். அரசுக்கும் அதுவே வாய்ப்பு. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குத்தகையால் எழுந்த சிங்கள முதலாளி வர்க்கத்தைப் பற்றி வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காட்டும் முரண் சுவையானது: சாராயத்தில் செல்வம் சேர்த்த சில குடும்பங்களின் பிள்ளைகளே அடுத்த தலைமுறையில் மதுவிலக்கு மேடையில் நின்றார்கள்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் குத்தகை முறைக்குப் பதிலாக அரசின் நேரடி நிர்வாகத்தைக் கொண்டுவந்தது. அதையொட்டிப் புதிய கள்ளுத் தவறணைகள் பெருந்தொகையாகத் திறக்கப்பட்டபோதுதான், 1904 அளவில் கிளம்பி அடங்கியிருந்த மதுவிலக்கு இயக்கம் மறுபடி மூண்டது. அநகாரிக தர்மபால, எஃப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் அதில் முன்னின்றார்கள். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது அரசு மதுவிலக்குத் தலைவர்களையே சந்தேகித்துச் சிறையிலிட்டது. அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். இங்கு கவனிக்க வேண்டியது, இந்த இயக்கத்துக்கு அரச பணம் ஒரு சதமும் கிடையாது என்பது. சங்கங்கள் தங்கள் அங்கத்தவர்களிடம் திரட்டிய பணத்தில் நடந்தன. தடுப்பு என்பது மதத்தாரும் சங்கத்தாரும் செய்யும் தருமம். வரி என்பது அரசின் வேலை. அன்று விழுந்த இந்தப் பிரிவினை எழுபது ஆண்டுகள் அப்படியே நின்றது.

அபின் மட்டும் சற்று வேறுபட்டது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அதைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. அது கட்டுப்படுத்தும் சட்டமே தவிர, சேவைக்கு நிதி தரும் சட்டமல்ல.

1970களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1973இல் பொலிஸ் போதைப்பொருள் பணியகம் அமைந்தது. அதே ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனை நிகழ்ச்சித்திட்டமும் தொடங்கியது. ஆசிய நாடுகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தருவதற்கான அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வந்தது. கொழும்பு என்ற பெயரைத் தாங்கிய ஏற்பாடு. ஆனால் இலங்கைத் திறைசேரியின் பணமல்ல. 1980களின் முதற்பகுதியில் ஹெரோயின் நகருக்குள் பரவியது. துறைமுகத்தை அண்டிய வட கொழும்பு அதன் அடியை முதலில் வாங்கிய இடங்களில் ஒன்று. கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பக்கங்களில் ‘தூள்’ என்றால் சிறுபிள்ளைக்கும் விளங்கும் நிலை வந்தது.

அரசு 1984இல் இரண்டு சட்டங்களால் இதற்குப் பதில் சொன்னது. 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை உருவாக்கியது. 1929 கட்டளைச் சட்டத்துக்கான 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தாலோ கடத்தினாலோ மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றது. ஒரே ஆண்டில், இரண்டு இலக்க இடைவெளியில், சிகிச்சையும் தூக்குமரமும் பிறந்தன. சபைக்கு ஆண்டுதோறும் பாராளுமன்றம் ஒதுக்கும் பணம் கிடைத்தது. தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் வந்தன. பிற்காலத்தில் 1927 என்ற தொலைபேசி இலக்கமும் வந்தது. ஆனால் சபை பெரும்பாலும் பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு போன்ற அமைச்சுகளின் கீழேயே இருந்துவந்தது. நோயாளியும் குற்றவாளியும் ஒரே செலவினத் தலைப்பின் கீழ் வரும்போது, பணம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மதுசாரத்தை இந்தச் சபை தொடவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றது 1987இல் கொழும்பில் தொடங்கிய மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம். அதற்கு ஊக்கமும் பணமும் சுவீடன், நோர்வே நாட்டு மதுவிலக்கு அமைப்புகளிடமிருந்து வந்தன. இலங்கை இளைஞர்களுக்கு மதுபானக் கம்பனிகளின் விளம்பரத் தந்திரத்தை விளக்கிச் சொல்ல ஸ்கண்டினேவியரின் பணம் தேவைப்பட்டது என்பதை அன்றைய திறைசேரி அதிகாரிகள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

அரசு இதில் உண்மையாகக் கைவைத்தது 2006இல். அவ்வாண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை, பேராசிரியர் கார்லோ பொன்சேகாவைத் தலைவராகக் கொண்டு சுகாதார அமைச்சின் கீழ் அமைந்தது. விளம்பரம் தடைசெய்யப்பட்டது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றமானது. 2015ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் திருத்தம் சிகரட் பெட்டியின் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கியது. என் கணிப்பில் இலங்கையின் மிக மலிவான தடுப்புச் செலவு இதுதான்: படத்தை அச்சிடும் செலவு உற்பத்தியாளர் தலையில். சாராயப் போத்தலுக்கு அந்தப் படம் இன்னும் வரவில்லை.

அதே காலத்தில் மகிந்த ராஜபக்ஷ அரசின் ‘மதட்ட தித்த’ (போதைக்கு முற்றுப்புள்ளி) பிரசாரம் ஓடியது. பதாகைகளும் சுவரொட்டிகளும் நாடு முழுக்க நின்றன. மதுவரி வருமானமும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. தடுப்புக்கென்ற பணத்தை அச்சகத்துக்கும் மேடைக்கும் கொடுத்துவிடலாம் என்ற பழக்கம் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

அடுத்த திருப்பம் இராணுவத்தின் பக்கம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதையில் தங்கியிருப்பவரை நீதவான் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்தது. போருக்குப் பின், முன்னாள் போராளிகளுக்கென இருந்த புனர்வாழ்வுக் கட்டமைப்பில் இடமும் ஆளும் மிஞ்சின. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடும் சேனபுரவும் போதைக்கு அடிமையானோரின் முகாம்களாயின. 2022 ஜூனில் கந்தக்காட்டில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில், இத்தகைய முகாம்களை நடத்தும் புனர்வாழ்வுப் பணியகத்துக்கான சட்டமூலம் அப்போதைய வடிவில் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தங்களுடன் அது 2023இன் 2ஆம் இலக்கச் சட்டமானது. அவ்வாண்டு டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதைப்பொருள் சோதனை நடவடிக்கை தொடங்கிய பின் கொழும்பின் தோட்ட வீடுகளில் இரவிரவாகத் தேடுதல் நடந்தது. ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் வழக்குகளில் வருபவர்கள். கணக்கைச் சரியாக எழுதினால், வெலிக்கடைச் சிறையின் சோற்றுச் செலவில் ஒரு பெரும் பகுதியையும் போதைச் செலவு என்றே காட்ட வேண்டியிருக்கும்.

கொட்டாஞ்சேனையில் ‘ஐஸ்’ (மெத்தம்பெட்டமின்) பழகிய மகனுக்கு உதவி தேடும் தாய்க்கு இதன் பொருள் எளியது. பொலிஸுக்குச் சொன்னால் விளக்கமறியல். 1929 கட்டளைச் சட்டத்துக்கான 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின் ஐந்து கிராம் ஐஸுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. நீதவான் கந்தக்காட்டுக்கு அனுப்பினால், மகனைப் பார்க்க ஒரு நாள் பயணம். காவலில் நிற்கும் சிப்பாயிடம் சிங்களத்தில் பேச வேண்டும். வசதியுள்ள வெள்ளவத்தைக் குடும்பம் தனியார் மனநல வைத்தியரிடம் போகும், அல்லது பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிவிடும்.

பணம் இல்லை என்ற பதில் இங்கு எடுபடாது. 2024இல் மதுவரி வருமானம் 200 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. அவ்வாண்டு வழங்கிய 360க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆனால் அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி, வேறு தேவைக்கென்று சட்டத்தால் ஒதுக்கப்படாத வருமானமெல்லாம் திரட்டு நிதியத்துக்கே போகும். அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் கேட்டுப் பெறவேண்டும். தாய்லாந்து 2001இல் வேறு வழி கண்டது: மதுவுக்கும் புகையிலைக்கும் விதிக்கும் வரியின் மேல் இரண்டு சதவீதம் கூடுதலாக அறவிட்டு, அதை நேரே சுகாதார மேம்பாட்டு மன்றத்துக்குக் கொடுத்தது. அந்த அளவை இங்கு வைத்தால் மதுவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு நான்கு பில்லியன் ரூபாய். உறுப்புரை 149 இதைத் தடுக்கவில்லை. தனிச் சட்டம் ஒன்று போதும்.

திறைசேரியின் ஆட்சேபம் எனக்குப் புரிகிறது: தனி நிதியம் என்றால் கண்காணிப்புக் குறையும், பதாகைக்கே போய்விடும். அந்தப் பயத்துக்கு ‘மதட்ட தித்த’ நல்ல சான்றுதான். ஆகவே சட்டத்திலேயே செலவின் இடத்தைக் கட்டிப்போட வேண்டும்: கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகங்கள் ஒவ்வொன்றிலும் தமிழ் பேசும் ஆற்றுப்படுத்துநர்கள், பொலிஸுக்குப் பெயர் போகாத பதிவேடு, தேசிய வைத்தியசாலையில் கட்டில்கள். விளம்பரத்துக்கு உச்சவரம்பு. பாதுகாப்பு அமைச்சுக்குப் பங்கில்லை.