கூரை ஒழுகினால் யார் மாற்றுவது? – தஞ்சாவூர்க் குடக்கூலியின் கதை



இங்கிலாந்தில் வாடகை வீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 1985-ல் வந்தது. குறுகிய கால வாடகை என்றால் வீட்டின் கூரை, சுவர், குழாய் மட்டுமில்லாமல், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரையும் வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் ஹீட்டர் கேட்டு யாரும் வழக்குப் போடப் போவதில்லை. சித்திரையில் வீடே ஹீட்டர்தான் :) நமக்கு வேறு பிரச்சினை. ஐப்பசி கார்த்திகை வந்தால் ஓடு ஒழுகும், சுவர் ஓதம் பிடிக்கும், சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும். சொன்னால் பார்க்கலாம் என்பார்கள். இரண்டாவது தடவை சொன்னால் ஒரே பதில்: "பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க தம்பி."

பி.காம். படிக்கிற எங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் ஒரு தாள் உண்டு. சரக்கு விற்பனை, ஏஜென்சி, ஜாமீன் எல்லாம் வரும். நாங்கள் நாலு பேர் தங்கியிருக்கிற ரூமைப் பற்றி ஒரு வரி வராது. அதனால் நானே தேடிப் படித்தேன். தேடத் தேட, பழுது பார்க்கிற உரிமையின் வரலாறு என்று தனியாக ஒன்று இல்லை என்று தோன்றியது. இருப்பதெல்லாம் இந்த "காலி பண்ணு" என்ற சொல்லின் வரலாறுதான்.

1882-ல் இருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவில் குடியிருப்பவருக்குச் சாதகமாக ஒரு உட்பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதுவேலையை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துவிட்டுச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வட்டியோடு! படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் "செய்ய வேண்டிய" என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். எந்தப் பழுதை அவர் செய்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. வாய்ப்பேச்சில் வீடு பிடித்தவனுக்கு அது எங்கே இருக்கும்? அதே சட்டத்தின் 106-வது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாத வாடகைக்கு இருப்பவரை 15 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஓட்டை மாற்றச் சொல்லி ஒருவர் நோட்டீஸ் கொடுத்தால், காலி செய்யச் சொல்லி மற்றவர் நோட்டீஸ் கொடுப்பார். எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதை மாற்றியது உலகப் போர். போர்க்காலத்தில் வீடு கட்டுவது நின்றது, வாடகை ஏறியது. சென்னை மாகாண அரசு 1941-ல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்குக் கிளம்பிய கதையைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டிருப்பீர்கள். போர் முடிந்த பிறகு 1946-ல் அது சட்டமாகி, 1949-ல் புதுப்பிக்கப்பட்டு, 1960-ல் நாம் பல காலம் "ரெண்ட் கண்ட்ரோல்" என்று சொல்லிவந்த சட்டமாக நிலைத்தது. காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது என்பதுதான் இதன் உயிர். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது என்று காரணங்களை எண்ணி வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாதுகாப்பு இருந்ததால் 1960 சட்டத்தின் 22-வது பிரிவுக்கு ஒரு அர்த்தம் கிடைத்தது. நோட்டீஸ் கொடுத்தும் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லையென்றால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போடலாம். அவர் விசாரித்து, நீயே செய்துகொள், வாடகையில் கழித்துக்கொள் என்று உத்தரவு போடலாம். 17-வது பிரிவு, இருக்கிற வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்றது.

ஆனால் 22-ல் ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு வருஷத்தில் கழிக்கும் தொகை அந்த வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மாதம் 3,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 36,000, அதில் பன்னிரண்டில் ஒன்று 3,000. உடைந்த நாலு ஓட்டை மாற்றலாம், உளுத்துப்போன உத்தரத்தை மாற்ற முடியாது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நியாய வாடகை கணக்கிட அந்தச் சட்டங்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை, 1940 ஏப்ரல் 1-க்கு முந்தைய 12 மாதங்களில் அந்த வட்டாரத்தில் இருந்த வாடகை. அதற்கு மேல் ஏதோ ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓடு, மரம், கொத்தனார் கூலி எல்லாம் எங்கோ போய்விட்டது, வாடகை மட்டும் போருக்கு முந்தைய காலத்திலேயே நின்றது. கட்டடத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் வருமானம் என்ற கணக்கு 1973 திருத்தத்தில்தான் வந்தது. முதல் போட்டால் வருமானம் வராது என்றால் எந்த வியாபாரி முதல் போடுவான்? வீடு ஒழுகட்டும் என்று விட்டார்கள். ஒழுகி ஒழுகி வீடு பழசானால் அதில் அவர்களுக்கு ஒரு லாபமும் இருந்தது! இடித்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிக் காலி செய்ய 14-வது பிரிவு இடம் கொடுத்தது. அந்த மாதிரி வழக்குகளில் கட்டடத்தின் வயதும் நிலைமையும் பார்க்க வேண்டிய விஷயங்களில் சேரும் என்று உச்ச நீதிமன்றமும் 1996-ல் சொன்னது. பழுது பார்க்காமல் விட்டதே பிறகு காலி செய்யக் காரணமாக வந்து நிற்கிறது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பழைய தெருக்களில் நடக்கும்போது பாதி சரிந்த வீடுகளைப் பார்த்தால் எனக்கு இந்தப் பிரிவு ஞாபகம் வரும்.

கும்பகோணம் என்றதும் இன்னொன்று. நம்ம பக்கம் வீட்டுக்காரர் என்றால் எப்போதும் மனிதர்தான் என்று இல்லை. கோயிலாக இருக்கலாம், மடமாக இருக்கலாம். 1976-ல் தமிழக அரசு ஒரு அரசாணை போட்டு, இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் மத அறக்கட்டளைகளின் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. குடியிருந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அரசாணை செல்லும் என்று 1980களில் தீர்ப்பு வந்தது. அறக்கட்டளைகளுக்கு அற்ப வாடகைதான் வந்துகொண்டிருந்தது என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு 17-ம் இல்லை, 22-ம் இல்லை. பழையபடி 1882, பழையபடி 15 நாள்.

இதுவரை சொன்னது டவுன் கதை. 1882 சட்டத்தின் 117-வது பிரிவு, இந்த விதிகள் விவசாயக் குத்தகைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டது. அப்படியானால் டெல்டாவின் கிராமங்களில், வயலுக்கு நடுவில் மேட்டில் குடிசை போட்டிருந்த பண்ணையாளுக்கு என்ன சட்டம்? ஒன்றும் கிடையாது. மிராசுதாரின் நிலத்தில் வேலை, மிராசுதாரின் மனையில் குடிசை. குடிசையைக் கட்டியது அவர்தான், மண் சுவர் எழுப்பியதும் அவர்தான், வருஷா வருஷம் கீற்று மாற்றுவதும் அவர்தான். தரை மட்டும் அவருடையது இல்லை. அவரிடம் போய் வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால் சிரிப்பார். கூலி போதவில்லை என்று காலையில் வாய் திறந்தால் சாயங்காலம் குடிசை இருக்குமா என்பதுதான் அவர் கவலை. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டியபோது, சங்கத்தில் சேர்ந்தவர் பணயம் வைத்தது கூலியை மட்டும் இல்லை, தலைக்கு மேல் இருந்த கூரையையும் சேர்த்துத்தான்.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தும். குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்றது, இஷ்டத்துக்குப் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது. பல மிராசுதார்கள் பண்ணையாள் முறையையே விட்டுவிட்டு தினக்கூலிக்குப் போனார்கள். பண்ணையாளாக இல்லாவிட்டால் பண்ணையாள் சட்டம் எதற்கு? ஆள் அதே ஆள், குடிசை அதே குடிசை.

குடிசை மனைக்கென்று தனிச் சட்டம் காமராஜர் ஆட்சியில் 1961-ல் வந்தது. குடியிருப்பு என்று அதற்குப் பெயர். விவசாயியையும் விவசாயக் கூலியையும் அவர் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்த சட்டம் அது. அதற்குப் பிறகும் என்ன நடந்தது என்பதற்கு ஒரு தேதி போதும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலித் தகராறின் உச்சத்தில் தலித் மக்களின் தெரு தாக்கப்பட்டது. ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். முதல் குற்றவாளியாக நின்ற நில உடைமையாளரை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

1971-ல் கருணாநிதி ஆட்சியில் வந்த சட்டம் ஒரு படி மேலே போனது. வெளியேற்றக் கூடாது என்பதோடு நிற்காமல், குடியிருக்கும் மனையையே குடியிருப்பவருக்குச் சொந்தமாக்கியது. எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் பிடித்த சட்டம் இதுதான். பழுது பற்றி அதில் பேச்சே இல்லை, ஆனால் பழுது பிரச்சினையை அடியோடு தீர்த்தது இது. தன் மனை என்று ஆன பிறகுதான் ஒருவருக்குக் கீற்றை எடுத்துவிட்டு ஓடு போடத் தைரியம் வரும். அடுத்தவர் தரையில் யார் செங்கல் வைப்பார்கள்? சட்டம் வந்த அன்றைக்கே எல்லோருக்கும் பட்டா கைக்கு வந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

மறுபடி டவுனுக்கு வருகிறேன். 1960 சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்மைப் போல ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். யார் எதைப் பழுது பார்ப்பது என்று கடைசியில் ஒரு பட்டியலே போட்டுவிட்டார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு எல்லாம் நம் தலையில். 1882-ல் விட்டுப்போன "யார் செய்ய வேண்டியது" என்ற கேள்விக்கு இதில்தான் பதில் கிடைத்தது. அவர் செய்யாவிட்டால் நாம் செய்து வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகை வரை. பழைய 3,000 ரூபாய் கணக்கில் பார்த்தால் மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. பழைய சட்டத்தைப் போல ஆறு மடங்கு! தண்ணீர், கரண்ட் நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். என் வகுப்பில் வெளியே தங்கிப் படிக்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேரிடம் காகிதமே இல்லை, மீதிப் பேரிடம் இருப்பது பதியாத பதினொரு மாதக் காகிதம். பழைய சட்டத்தில் இருந்த பெரிய பாதுகாப்பும் இதில் குறைந்துவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால், அதே நிபந்தனைகளில் மாதா மாதம் அதிகபட்சம் ஆறு மாதம் நீடிக்கலாம், அவ்வளவுதான். ஓட்டை மாற்றச் சொன்னதற்காகப் புதுப்பிக்கவில்லை என்று எந்த வீட்டுக்காரரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. "பையன் காலேஜ் முடிச்சு வரான், ரூம் வேணும்" என்பார்.