பறவூர் மின்னணு வாக்குப்பதிவு (1982)

இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட தேர்தல் இது. கொச்சிக்கு வடக்கே, எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 1982 மே 19 அன்று நடந்தது. தொகுதியின் 84 வாக்குச்சாவடிகளில் 50-இல் இயந்திரமும் 34-இல் வாக்குச்சீட்டும் பயன்பட்டன.

வழக்கு

இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரத்தை எதிர்த்துத் தேர்தலுக்கு முன்பே கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் தலையிடவில்லை. முடிவில் அவரே 30,450 வாக்குகள் பெற்று, காங்கிரஸின் ஏ. சி. ஜோஸை 123 வாக்குகளில் வென்றார். அவருக்குக் கிடைத்தவற்றில் 19,182 வாக்குகள் இயந்திரத்தில் பதிவானவை. இப்போது வழக்குத் தொடுத்தவர் ஜோஸ். உயர் நீதிமன்றத்தில் தோற்ற அவர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்.

1984 மார்ச் 5 அன்று வெளியான தீர்ப்பு, இயந்திரத்தின் தரத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டையே சொல்கின்றன. அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு தேர்தல் ஆணையம் அவற்றை மீற முடியாது என்றது. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் வென்றார்.

சட்டமும் பரவலும்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் இயந்திரம் சட்டப்படி செல்லுபடியானது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் உருவாக்கத்தில் பங்காற்றியவர்களுள் எழுத்தாளர் சுஜாதாவும் ஒருவர். 2001-இல் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தல்கள் முழுவதும் இயந்திரத்தில் நடந்தன. 2004-இல் மக்களவைத் தேர்தல் நாடு முழுவதும் இம்முறைக்கு மாறியது.

ஒப்புகைச் சீட்டு

நீல நிறப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், ‘பீப்’ ஒலி எழும். வாக்கு யாருக்குப் பதிவானது என்பதை வாக்காளர் சரிபார்க்க அது போதாது என்ற குறை நீடித்தது. 2013-இல் ஒப்புகைச் சீட்டுக் கருவி வந்தது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சான சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து, பெட்டிக்குள் விழும். 2019-இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க உத்தரவிட்டது. அனைத்தையும் எண்ண வேண்டும், வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்தது.