திராட்சரசமும் இரகசியமும்: ரபீ யூதாவின் பந்தியில் எபிரேயம்

கி.பி. 200-ஐ ஒட்டி மிஷ்னாவைத் தொகுத்த ரபீ யூதா பிரபுவின் இல்லத்தில் எபிரேயம் பேச்சு மொழியாக வழங்கியதா? மிஷ்னாவின் எபிரேயம் அறிஞர் அமைத்துக்கொண்ட செயற்கை மொழியென ஆபிரகாம் கைகர் 1845-இல் கருதினார். அது மக்கள் நாவில் வழங்கிய மொழியே எனச் சீகல் 1927-இல் வாதித்தார். 1951-52-இலும் 1960-61-இலும் யூதேயப் பாலைவனக் குகைகளில் கிடைத்த பார் கோக்பாவின் கடிதங்களுள் எபிரேயத்தில் எழுதப்பட்டவையும் இருந்தமையால் சீகலின் கருத்து வலுப்பெற்றது. ரபீயின் பணிப்பெண்ணைப் பற்றிய மரபும் ஒன்றுண்டு. அரிய சொற்கள் சிலவற்றின் பொருள் விளங்காதிருந்த மாணாக்கர், அவள் வீட்டு வேலைக்கிடையே அவற்றை இயல்பாய்ப் பேசக் கேட்டுத் தெளிந்தனராம். அகராதியைப் புரட்டியே எபிரேயம் பயிலும் நமக்குச் சற்றுப் பொறாமை தரும் செய்தி இது.

அவ்வில்லத்தின் பந்தியொன்றைப் பாபிலோனியத் தல்மூத் காட்டுகிறது. ரபீ ஹியாவின் குமாரராகிய யூதாவும் எசேக்கியாவும் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். இளைஞர் பேசும்படி அவர்களுக்குத் திராட்சரசத்தைத் தாராளமாய் வார்க்குமாறு ரபீ பணித்தார். அவர்கள் பேசினர். பாபிலோனிலுள்ள சிறையிருப்பின் தலைவரது குடும்பமும் இஸ்ரவேல் நாட்டுப் பிரபுவின் குடும்பமும் ஒழிந்தாலன்றித் தாவீதின் குமாரன் வாரார் என்றனர். அந்தப் பிரபுவோ விருந்தளித்த ரபீயே! அவர் மனம் புண்பட்டார். ஹியா இடைபுகுந்து எழுத்தெண்ணைக் காட்டி ஆற்றினார். எபிரேயத்தில் திராட்சரசம் 'யாயின்': யோத் 10, யோத் 10, நூன் 50, கூட்டினால் 70. இரகசியம் 'சோத்': சாமேக் 60, வாவ் 6, தாலேத் 4; அதுவும் 70. ஒன்று உட்புக, அதற்கு ஈடான மற்றது வெளிப்பட்டதாம்.

இக்கணக்கு எபிரேயத்தில் மட்டுமே பொருந்தும். ரசத்தைக் குறிக்கும் அரமேயச் சொல்லாகிய 'ஹம்ரா' 249 ஆகும். நிகழ்ச்சியை விவரிக்கும் பகுதியும் ரபீ இட்ட கட்டளையும் அரமேயத்தில் உள்ளன. இளைஞரின் கூற்றும் ஹியாவின் மறுமொழியும் எபிரேயத்தில் உள்ளன. எனினும் பல தலைமுறைகளுக்குப் பின் பாபிலோனில் உருப்பெற்ற நூலைக் கொண்டு, பந்தியில் ஒலித்த மொழியை அறுதியிட்டுரைப்பது தகாது.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இளைஞர் உளறவில்லை; ஏசாயா 8:14-ஐ ஆதாரமாகவே காட்டினர். ஏசாயா 28-இல் வெறித்துத் தடுமாறும் ஆசாரியரோடு இவர்களைச் சேர்த்தல் இயலாது. அரசன்முன் பேசக்கூடிய அளவில் குடித்தவனையும், அவ்வாறு பேசவியலாத வெறியனையும் தல்மூத் வேறுபடுத்துகிறது. இவர்கள் முன்னவரைச் சார்ந்தவர். தெளிந்த மதியோடு முன்னரே ஆராய்ந்து வைத்திருந்ததையே ரசம் அவிழ்த்துவிட்டது எனக் கொள்ளுவதே பொருத்தம். ஹியாவும் தம் மைந்தர் கூறியது தவறென்று சொல்லவில்லை. அதனை இரகசியம் என்றார். பாபிலோனிலிருந்து வந்து ரபீயின் ஆதரவில் வாழ்ந்த அவரது வீட்டில் இவ்விளக்கம் முன்னமே வழங்கியிருக்கக்கூடும்.

பிரபுவின் பதவி அற்றுப்போயிற்று என்பதை 429-ஆம் ஆண்டின் உரோமச் சட்டமொன்று தெரிவிக்கிறது. பாபிலோனியத் தலைமையோ அதற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது.