தோலில் ஓடும் கோடுகள்

தையற்காரர் பாவும் ஊடும் பார்த்தே துணியில் கத்தரி வைப்பார். நம் தோலுக்கும் அத்தகைய போக்கு உண்டு.

உருண்டைக் குத்தூசியால் தன்னையே குத்திக்கொண்ட ஒருவரின் புண்களைப் பாரிஸ் அறுவை வைத்தியர் துப்புயித்ரன் கண்டார். அவை வட்டமாக இல்லை; கத்திக் கீறல்கள்போல் நீண்டிருந்தன. இவ்வியப்பை 1834-இல் எழுதினார்.

வியன்னாவின் உடற்கூற்று அறிஞர் கார்ல் லாங்கர் காரணத்தை நாடினார். பிரேதங்களின் தோலில் பல துளைகளிட்டு, அவை நீண்ட திசைகளைக் கோடுகளாக இணைத்து 1861-இல் வெளியிட்டார். தோல் எத்திசையில் மிகுதியாக இழுபட்டிருக்கிறதோ அத்திசையில் துளை நீள்கிறது என்பது புலனாயிற்று.

பின்வந்தோர் அக்கோடுகளைத் திருத்தியதுண்டு. எனினும், இழுவிசையின் வழியே கீறினால் புண்வாய் அதிகம் விரியாது, தழும்பும் மெலிதாகும். பெயரறியா அப்பிரேதங்கள் உயிருள்ளோர்க்கு ஈந்த கொடை அது.