காற்றில் எஞ்சிய மாலர்

1905 நவம்பர் 9 அன்று, லைப்சிக் நகரில், குஸ்தாவ் மாலர் ஒரு பியானோவின் முன் அமர்ந்து தம் படைப்புகளில் நான்கை வாசித்தார். இரண்டு பாடல்கள், நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதி, ஐந்தாம் சிம்பொனியின் முதற்பகுதியான மரண ஊர்வலம். 1911இல் அவர் மறைந்தார். இசைத்தட்டு எதிலும் அவர் வாசிப்பு இல்லை. அன்று பதிவான நான்கு காகிதச் சுருள்கள் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கின்றன.

பதிவு செய்தது ஃப்ரைபுர்க் நகரின் வெல்டே நிறுவனம். எட்வின் வெல்டேயும் கார்ல் பாக்கிஷும் உருவாக்கிய தானியங்கிப் பியானோ 1904இல் வெளிவந்தது. சாதாரண பியானோலாவின் சுருளில் சுரங்கள் மட்டுமே இருக்கும். விரைவையும் அழுத்தத்தையும் மிதித்து இயக்குபவர்தான் தரவேண்டும். வெல்டே வாசித்தவரின் அழுத்தத்தையும் காகிதத்தில் ஏற்ற முனைந்தது. சுருளின் குறுக்கே 100 தடங்கள்: சுரங்களுக்கு 80, அழுத்தம், மிதிகட்டை முதலிய ஏவல்களுக்கு 20.

நம் ஆர்மோனியத்தின் துருத்தி காற்றைத் தள்ளுகிறது. இந்தக் கருவியோ உறிஞ்சுகிறது. காகிதத் துளை உலோகப் பட்டையின் துளைக்கு நேராக வந்ததும் காற்று உட்புகும். தோலாலான ஒரு சிறு பை உப்பி அடைப்பைத் தூக்கும். அந்தச் சுரத்துக்குரிய துருத்தி சட்டென்று சுருங்கிச் சுத்தியலை இயக்கும். உறிஞ்சும் வலிமை கூடினால் ஒலி பெருகும். இவ்வலிமை கட்டைகளின் இடப்பாதிக்கு ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று. ஆகவே ஒரே பாதியில் ஒரே கணத்தில் ஒலிக்கும் இரு சுரங்களுக்கு வெவ்வேறு அழுத்தம் தர இயலாது. பத்து விரல்களின் நுட்பத்தை இரண்டு காற்றழுத்தங்களில் அடக்கிய துணிச்சலை எண்ணி வியக்கவே தோன்றுகிறது.

பழுது பார்ப்பவரின் சங்கடம் இங்குதான் தொடங்குகிறது. துருத்திகளின் ரப்பர் பூசிய பருத்தித் துணி காலப்போக்கில் விறைத்து நொறுங்குகிறது, தோற்பைகள் கசிகின்றன. கசியும் கருவியில் மெல்லிய சுரங்கள் ஒலிக்காமலே போகும். படிப்படியாக உயரவேண்டிய ஒலி பிந்தி வரும். கேட்பவரோ அதை மாலரின் தயக்கம் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே துணியின் தடிமன், தோலின் மென்மை, ஒரு திருகின் அரைச்சுற்று எல்லாமே இசை விமர்சனத்தின் பகுதியாகிவிடுகின்றன.

பழைய தொழிலாளர்கள் பயன்படுத்தியது தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோற்பசை. வெப்பமும் ஈரமும் காட்டினால் இணைப்பு விட்டுக்கொடுக்கும். எதிர்காலத்தில் யாரோ திறப்பார்கள் என்ற மரியாதை அதில் இருக்கிறது. பின்வந்த பழுதுகளில் செயற்கைப் பசை புகுந்தது. அதைப் பிரித்தால் மரமே பிய்ந்து வருகிறது.

சரிபார்க்க வெல்டேயின் சோதனைச் சுருள்கள் உண்டு. கருவி ஒழுங்காக இயங்குகிறதா என்பதை அவை சொல்லும். மாலர் அன்று எவ்வளவு அழுத்தினார் என்பதைச் சொல்லா. அழுத்தத்தைப் பதிந்த முறையை நிறுவனம் இரகசியமாகவே வைத்திருந்தது. 1944 நவம்பர் 27 இரவு ஃப்ரைபுர்க்கின் மீது நடந்த குண்டுவீச்சில் தொழிற்சாலையும் அழிந்தது.

அதே மரண ஊர்வலச் சுருளை வெவ்வேறு கருவிகளில் இயக்கி வெளியிட்ட ஒலிப்பதிவுகள் இன்று கிடைக்கின்றன. அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை.