கழிக்கத்தக்க செலவு எது? 1906ஆம் ஆண்டுத் தீர்ப்பு

எச்செலவை இலாபத்திலிருந்து கழிக்கலாம் என்னும் வினா வருமான வரியுடன் உடன்பிறந்ததாகும். 1842ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், முற்றாகத் தொழிலின் பொருட்டே செய்யப்பட்ட செலவை மட்டும் கழிக்க இடமளித்தது.

பியர் உற்பத்திக் கம்பனியொன்றின் விடுதியில், ஊழியரின் கவனக்குறைவால் புகைபோக்கி சரிந்து, உறங்கிய விருந்தினர் காயமுற்றார். நட்டஈடும் வழக்குச் செலவுமாகக் கம்பனி 1,490 பவுண் செலுத்தியது. அது இலாபம் ஈட்டுதற்கான செலவன்று எனக் கூறி, 1906இல் பிரபுக்கள் சபை கழிவை மறுத்தது.

கவனக்குறைவின் சுமையில் ஒரு பங்கைத் திறைசேரி ஏற்கலாகாது என்னும் வாதம் வலுவுடையதே. ஆயினும் விடுதி இன்றேல் விருந்தினர் இல்லை, அவ்விழப்பும் இல்லை. தொழிலினின்று பிரிக்கவியலாத இடரைச் செலவன்று எனத் தள்ளின், வரி விதிக்கப்படுவது கையில் எஞ்சாத இலாபத்தின் மீதேயாகும்.