கனக்கும் க்ளட்ச் - இடது காலின் வரலாறு

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அதில் என்ன கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். மைலேஜ், ஸ்பேர் பார்ட்ஸ் என்று ஆரம்பித்து, "க்ளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு" என்பதில் வந்து நிற்பார்கள். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதிலும் வரும். உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமா? நான் படிப்பது வணிகவியல், மெக்கானிக் வேலை அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல வரலாறு இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் க்ளட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் ப்ரஷர் ப்ளேட்டுக்கும் நடுவில் க்ளட்ச் ப்ளேட் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் இந்த மூன்றையும் இறுக்கிப் பிடிப்பதால்தான் என்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. நாம் பெடலை மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங்குகளை எதிர்த்துத்தான் மிதிக்கிறோம். என்ஜின் பலமாக இருந்தால் பிடியும் பலமாக வேண்டும். பிடி பலமானால் பெடல் கனக்கும்.

நெம்புகோலை நீளமாக்கினால் கனம் குறையாதா? குறையும், ஆனால் பெடலை அதிக தூரம் மிதிக்க வேண்டும். எங்கள் பாடத்தின் மொழியில் சொன்னால் இது தவணைக் கடன் மாதிரி. மாதத் தொகையைக் குறைத்தால் மாதங்கள் கூடும். காலுக்கும் ஓர் எல்லை உண்டு.

ஆரம்பகாலக் கார்களில் தோல் பட்டை ஒட்டிய கூம்பு வடிவ க்ளட்ச்கள் இருந்தன. தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்டு, ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி கதையே வேறு. அதில் இடது பெடலை முழுவதும் மிதித்தால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் மேல் கியர். அதாவது மேட்டில் முதல் கியரில் ஏறும் வரைக்கும் இடது கால் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்! இன்று சிக்னலில் ஒரு நிமிடம் மிதித்து நிற்பதற்கே அலுத்துக்கொள்கிறோம்.

அதன்பின் பரவிய ஒற்றைத் தட்டு க்ளட்ச்சில் சுருள் ஸ்பிரிங்குகளை வட்டமாக வைத்தார்கள். சுருள் ஸ்பிரிங்கை அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். எனவே பெடல் தரையைத் தொடும் இடத்தில்தான் கனம் உச்சம். அங்கேயேதான் காலை வைத்துக்கொண்டிருக்கவும் வேண்டும்!

இதற்குத் தீர்வின் விதை மிகப் பழையது. 1867ல் பிரான்சில் ஜூலியன் பெல்வில் என்பவர் கிண்ணம் போல லேசாகக் குவிந்த வட்டத் தகடு ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகைத் தகட்டைச் சரியான அளவில் செய்தால், ஒரு கட்டம் வரை எதிர்த்துவிட்டு அதன்பின் எதிர்ப்பு குறையும். இதே தத்துவத்தில் செய்த டயஃப்ரம் ஸ்பிரிங்கை 1930களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் க்ளட்ச்சில் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இது பரவியது 1960களில். 1965ல் ஜெர்மனியில் தொடங்கிய லுக் நிறுவனம் அதில் முன்னணியில் இருந்தது. இந்த வகைப் பெடல் நடுவில் ஒரு மேடு ஏறி இறங்குவது போல இருக்கும். முழுவதும் மிதித்தபின் பிடித்து நிற்பது சுலபம்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி 1957ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைத் தொடங்கியது. லைசென்ஸ் ராஜ் காலத்தில் வாங்குபவர்தான் வருடக்கணக்கில் காத்திருந்தார், விற்பவருக்கு அவசரமில்லை. போட்டி இல்லாத சந்தையில் ஓட்டுநரின் முட்டிவலி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவாக ஏறாது. அதிலும் காரை வாங்குபவர் பெரும்பாலும் பின்சீட்டில் இருப்பார், பெடலை மிதிப்பவர் சம்பளத்துக்கு ஓட்டுபவர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது சிறிய என்ஜின், இலகுவான பெடல் என்று நிலைமை மாறியது. சொந்தமாக ஓட்டுபவர்கள், முக்கியமாகப் பெண்கள், பெருகியதில் அந்த இலகுவான பெடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். சுருள் ஸ்பிரிங் வண்டி பிறவியிலேயே கனமானது. அதில் ப்ளேட் தேய்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்து க்ளட்ச் வழுக்கும். டயஃப்ரம் வண்டியில் இதற்கு நேர்மாறு: ப்ளேட் தேயத் தேய ஸ்பிரிங்கின் நிலை மாறி, பெடல் மெல்ல மெல்லக் கனக்கும். ஆகவே முன்பு லேசாக இருந்து இப்போது கனக்கும் பெடலை வயசுக் கோளாறு என்று விடக்கூடாது. அது வண்டி கொடுக்கும் முன்னறிவிப்பு. முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துருவேறியோ இழை பிரிந்தோ இருந்தால் செலவு குறைவுதான். விட்டுவைத்தால் நடுரோட்டில் அறுந்துவிடும். அடுத்து ஃபோர்க் அசையும் இடத்தில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால்தான் கியர்பாக்ஸை இறக்கி ப்ளேட்டைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பணம் வீண். ஓட்டும்போதும் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிட்டால், காலுக்கும் நல்லது, ரிலீஸ் பேரிங்குக்கும் நல்லது.

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ, க்ளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி வசதியோடு குறைந்த விலையில் வந்தது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் மிதித்த கால்களுக்குக் கிடைத்த ஓய்வு போல எனக்குத் தோன்றுகிறது.